சங்குக் கிட்டங்கியைத் திறக்க உதவிய எல்லோருக்கும்

ஊரில் இருப்பவர்களுக்கும், கொழும்பிலும் துபாயிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு உதவியவர்களுக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

கடற்கரைத் தெருவில் சங்கு சேமித்து வைத்த பழைய கிட்டங்கி இப்போது நம் ஊர் வரலாற்றுக் கூடம். கூரை பாதி விழுந்து, ஆடு கட்டும் இடமாகக் கிடந்த கட்டடம். இடித்துக் கடை கட்டலாம் என்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, வாடகையும் வேண்டாம் என்று சாவியைத் தந்த குடும்பத்துக்குத்தான் முதல் நன்றி.

அடுத்து கொத்தனார் ஐயா. இவரைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். சுவர் முழுக்கக் கடற்பாறைக் கல், அதாவது பவளப்பாறைக் கல். சிமெண்ட் பூசினால் சீக்கிரம் முடியும் என்று பலர் சொன்னார்கள், அவர் ஒப்பவில்லை. கல் குடித்த ஈரம் வெளியேற வழி வேண்டும், சிமெண்ட் அதை அடைத்துவிடும், உப்பு உள்ளேயே பூத்துக் கல்லை அரித்துவிடும் என்றார். முன்பு யாரோ சிமெண்ட் பூசியிருந்த ஒரு மூலையைத் தட்டிக் காட்டினார். பூச்சு பெயர்ந்து விழ, பின்னால் கல் மாவாக உதிர்ந்தது. அப்புறம் யாரும் சிமெண்ட் பேச்சை எடுக்கவில்லை. சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு வாரக்கணக்கில் புளிக்கவிட்டார். பூச்சு வழவழப்பாகும்வரை கூழாங்கல்லால் தேய்த்தவர்கள் அவரோடு வந்த சித்தாள் பெண்கள். அந்தச் சுவரில் கை வைத்துப் பாருங்கள், அவர்கள் உழைப்பு தெரியும். பவளப்பாறையை வெட்டத் தடை இருப்பதால் புதுக் கல்லுக்கு வழியில்லை; சரிந்து கிடந்த பின்சுவர்க் கற்களையே எடுத்துக் கட்டினார்கள். உத்திரத்துக்கு வைரம் பாய்ந்த பனைமரம் தேடித் தந்த சாயல்குடிப் பக்கத்து அண்ணன்மாருக்கும் நன்றி.

பணம் தந்தவர்களின் பெயர்களை வாசல் பலகையில் எழுதியிருக்கிறோம். பெயர் வேண்டாம் என்றவர்களுக்கும் அதே அளவு கடன்பட்டிருக்கிறோம்.

சேதுபதி மன்னர்களின் வரலாற்றை அறிய இராமநாதபுரத்தில் இராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது. இங்கே கடலில் இறங்கியவர்களின் வரலாறு இருக்க வேண்டும் என்பது எங்கள் பிடிவாதம். அதைப் புரிந்துகொண்டு வீட்டுப் பெட்டியைத் திறந்து பழம்பொருள் தந்தவர்கள் நீங்கள். சங்கு குளித்த குடும்பங்கள் தந்த அளவு வளையத்தைப் பிள்ளைகள் சுற்றி நின்று பார்க்கிறார்கள். அதில் நுழைந்து விழும் சிறிய சங்கைக் கடலிலேயே திருப்பி விட்டுவிடுவார்கள். தேறியது வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் விரலில் சுற்றும் துணியைத் தந்து, "இதையெல்லாமா வைப்பீங்க?" என்று கேட்டார்கள். வைத்திருக்கிறோம், கண்ணாடிக்குள்.

1964 டிசம்பர் புயல் இரவில் தனுஷ்கோடியிலிருந்து தப்பி வந்த ஆத்தா, இத்தனை வருடம் வீட்டில்கூடப் பேசாததை எங்கள் ஒலிப்பதிவுக்காகப் பேசினார். நடுவில் நிறுத்திவிட்டார், மறுவாரம் அவரே கூப்பிட்டு அனுப்பி, மீதியையும் சொன்னார். அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அழகன்குளம் பக்கத்து வயலில் கிடைத்த பானை ஓடுகளைச் சிலர் ஆசையோடு கொண்டுவந்தீர்கள். ரோமானியக் காசுகள் கிடைத்த மண் அது, ஆசை நியாயம்தான். ஆனால் அவை தொல்லியல் துறையிடம் போக வேண்டியவை என்று எடுத்துச் சொன்ன வரலாற்று ஆசிரியருக்கும், மனமில்லாமலேனும் ஒப்படைத்த உங்களுக்கும் நன்றி. இங்கே படங்கள் மட்டும் இருக்கின்றன.

அப்புறம், லாத்தா (அக்கா) ஒருவர் தந்த தகரப் பெட்டி. கொழும்பில் வியாபாரம் செய்த அவருடைய வாப்பா வீட்டுக்கு அரபுத்தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. கண்பார்வை மங்கிய நிலையிலும் மார்க்க அறிஞரான ஆலிம் ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வந்து வாசித்துக் காட்டினார். அரிசி விலை, மகளுக்கு வாங்கிய பட்டு, கப்பல் தாமதம் எல்லாம் அதில் இருக்கின்றன. ஒரு கட்டு இன்னும் வாசிக்கப்படாமல் இருக்கிறது. அரபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் யாராவது அஸர் (மாலைத்) தொழுகைக்குப் பிறகு கிட்டங்கிக்கு வந்தால், எழுதிக்கொள்ள எங்கள் பிள்ளைகள் நோட்டோடு காத்திருப்பார்கள்.

அன்புடன்,
கிட்டங்கிக் குழுவினர்