நான்காவது தடுப்புச் சுவருக்கு ஒப்புதல் தரப்போகும் அதிகாரிகளுக்கு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் போடும் விவசாயி எழுதுகிறேன். எங்கள் வீடுகளுக்கு மேலே இருந்த தடுப்புச் சுவர் போன வாரம் மறுபடியும் சரிந்தது உங்களுக்குத் தெரியும். அது மூன்றாவது சுவர் என்பதும் கோப்பில் இருக்கும்.

மழை எச்சரிக்கை வந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வருகிறது. போன வருட நோட்டீஸ்தான், தேதி மட்டும் புதிது. என் அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் மடங்காது. நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம். இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் படுக்க வைத்தால் நடுவிலுள்ள சந்தில் கம்பளி இறங்கிவிடும். விடியும்வரை அதை இழுத்துவிட்டுக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். இந்த வருடம் நான்கு முறை. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியதைப் பார்த்தவர் அம்மா, அதனால் மறுபேச்சு பேசாமல் வருகிறார். "எந்தச் சரிவு நகருதுன்னு யாராச்சும் பாத்தாங்களாடா?" என்று மட்டும் கேட்பார்.

பார்த்தார்கள். நீங்கள் அல்ல, ஒரு கல்லூரி மாணவி. காய்ச்சலும் பாய்ச்சலுமாக இருக்கும் மேல்மண்ணில் கண்ணுக்குத் தெரியாத மேக்னடைட், மேக்ஹெமைட் என்ற காந்தத் தன்மையுள்ள இரும்புத் தாதுத் துகள்கள் உண்டாகுமாம். அதனால் பொதுவாக மேல்மண்ணில் காந்த அளவு கூடுதல், அடிமண்ணில் குறைவு. எங்கள் சார்னோகைட் பாறையிலேயே மேக்னடைட் இருப்பதால், பக்கத்துச் சோலையில் கைபடாத மண்ணை முதலில் அளந்துவிட்டுத்தான் தோட்டத்துக்கு வந்தார். மேல் பாத்திகளில் அளவு குறைந்திருந்தது, அடிவாரத்தில் கூடியிருந்தது. மேல்மண் இறங்கிவிட்டது. (மேலும் கீழுமாகப் பாத்தி பிடிக்கும் எங்கள் தப்பும் அதில் உண்டு.) ஆனால் சுவருக்கு மேலே துளை போட்ட இடத்தில், இடுப்பளவு ஆழத்தில் அளவு திடீரென்று ஏறியது. பழைய சரிவு ஒன்று மூடிய மேல்மண்ணாக இருக்கலாம் என்றார். அதன்மேல்தான் மூன்று சுவர் கட்டியிருக்கிறோம்.

அந்த மாணவியின் அறிக்கையை உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தேன். "இதுக்குப் படிவத்துல இடம் இல்லையே" என்றார்கள். சுவரின் நீளத்துக்கு, உயரத்துக்கு, ஒப்பந்ததாரர் பெயருக்கெல்லாம் இடம் இருக்கிறது. மண்ணுக்குத்தான் இல்லை. சுவர் என்றால் கல்வெட்டு பதிக்கலாம். துளையில் யார் பெயரைப் பொறிப்பது? சரி, மன்னியுங்கள், கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

நான்காவது சுவருக்கு டெண்டர் விடும் முன் இந்தச் சரிவு முழுவதையும் காந்த முறையில் அளந்து பாருங்கள். எப்போது சரியும் என்று அது சொல்லாது. மண் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது, எங்கே ஆழமாகத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று காட்டும். மண் இடம்பெயர்ந்ததைக் கதிரியக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் சீசியம்-137 சோதனைபோல் ஆய்வகத்தில் மணிக்கணக்காகக் காத்திருக்க வேண்டாம், ஒரு மாதிரிக்குச் சில விநாடி போதும். முதலில் அளவு, அப்புறம் சுவர்.

அந்த மாணவி துளை போட்ட ஆறு இடங்களிலும் நீலக் கயிறு கட்டிக் குச்சி நட்டிருக்கிறேன். ஜேசிபி வரும்போது அவற்றைப் பிடுங்கிவிட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுவருக்குக் கீழே குடியிருப்பவன்