நடவு வயலில் கேட்ட கேள்வி: உளவியல் பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

காவிரிப் படுகைக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உளவியல் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம்.

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். நடவு முடித்துக் கரையேறி உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவரிடம் கேள்வித்தாளை வாசித்துக் காட்டினேன். "கடந்த இரண்டு வாரங்களில், செய்யும் காரியங்களில் ஆர்வமோ மகிழ்ச்சியோ குறைந்திருக்கிறதா?" மனச்சோர்வைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒன்பது கேள்விகளில் முதல் கேள்வி அது. அவர் காலில் ஒட்டியிருந்த சேற்றை வழித்துக்கொண்டே, "நாத்தப் பறிச்சாச்சுன்னா நட்டாவணும் ஆயி. இதுல ஆர்வம் என்ன, மகிழ்ச்சி என்ன?" என்றார். 'இல்லை' என்று குறித்தேன். தூக்கம், பசி பற்றியும் அந்தத் தாளில் கேள்விகள் உண்டு. அதற்கும் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றே சொன்னார். மொத்த மதிப்பெண் பூஜ்யம்.

தாளை மடித்துப் பைக்குள் வைத்த பிறகுதான் பேசத் தொடங்கினார். மகன் திருப்பூருக்குப் போனதிலிருந்து சோறு இறங்கவில்லை. ராத்திரியானால் நெஞ்சுக்குள் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது. மூன்று மணிக்கே விழித்து வாசலில் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லையாம். அன்றைக்கு ஒரு மணி நேரம் என்னிடம் சொன்னார். என் தாளில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

2003-ல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போனபோது, இப்படிப்பட்ட பேச்சைத்தான் ஆய்வுப் பொருளாகக் கொண்டுபோனேன். குழுவில் இருந்த ஒருவர், "இது சமூகவியல், உளவியல் என்றால் எண் வேண்டும்" என்றார். இன்னொருவர் கல்யாணத்துக்கு முன்னால் முடித்துவிடுவேனா என்று கேட்டார். அப்புறம் அவர்கள் சொன்னபடியே எண்களை வைத்து ஆய்வு எழுதிப் பட்டம் வாங்கினேன். இந்தப் பேச்சுகளைக் கேசட்டுகளில் தனியாகச் சேர்த்துவைத்தேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. போன வருடம் என் மாணவி ஒருத்தி பதிவு செய்யப் போனாள். எண் வேண்டும் என்று அவளிடமும் சொல்லியிருக்கிறார்கள், கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

எண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பெண்களைப் பற்றிய பல பொய்களை உடைத்தவை எண்கள்தான். மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் அறிவு மழுங்கும் என்று மருத்துவர்களே நம்பிய காலத்தில், 1914-ல், அமெரிக்க உளவியலாளர் லீட்டா ஹோலிங்வொர்த் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பெண்களை நாள்தோறும் சோதித்துப் பார்த்து, அப்படி எந்தச் சரிவும் இல்லை என்று காட்டினார். 2005-ல் இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ஜேனட் ஹைட், ஆண் பெண் வேறுபாடு குறித்த ஆய்வுகளைத் தொகுத்த 46 தொகுப்பாய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார். பெரும்பாலான வேறுபாடுகள் மிகச் சிறியவை, அல்லது இல்லவே இல்லை என்று தெரிந்தது. இந்த இரண்டு பெயர்களும் நம் இளங்கலைப் பாடத்தில் எங்கே இருக்கின்றன? விடைத்தாள் திருத்தும்போது, "பெண்கள் இயல்பிலேயே உணர்ச்சிவசப்படுபவர்கள், ஆண்கள் பகுத்தறிந்து முடிவெடுப்பவர்கள்" என்று மாணவிகளே எழுதியிருப்பதை ஒவ்வொரு வருடமும் படிக்கிறேன். படிக்கும்போது மனது வலிக்கிறது. நாம் சொல்லிக்கொடுக்கவில்லை, அவர்கள் வீட்டில் கேட்டதை எழுதுகிறார்கள்.

என் வருத்தம் அளவுகோலைப் பற்றியது. ஒருவரிடம் ஆண்மைப் பண்பும் பெண்மைப் பண்பும் எவ்வளவு என்று அளக்க, அமெரிக்க உளவியலாளர் சாண்ட்ரா பெம் 1974-ல் வெளியிட்ட பாலினப் பங்கு அளவுகோலை உங்களில் பலர் வகுப்பில் நடத்தியிருப்பீர்கள். 60 பண்புச் சொற்கள், அதில் 20 ஆணுக்கு, 20 பெண்ணுக்கு, மீதி பொது. ஆண்மையும் பெண்மையும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்ற எண்ணத்தை உடைத்தது அது. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம், எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் எந்தப் பண்பு எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க அவர் கேட்டது அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை. அதனால் தன் காலில் நிற்பதும், தலைமை தாங்குவதும், எளிதாக முடிவெடுப்பதும் ஆண் பக்கத்தில் போய் விழுந்தன. நன்னிலம் பக்கம் இருபது பெண்களைத் திரட்டி, கூலி பேசி, நடவுக்குக் கூட்டிப்போகும் ஒரு அக்காவை எனக்குத் தெரியும். அந்த அளவுகோலில் அவருக்குக் கிடைப்பது ஆண் மதிப்பெண். அவரிடம் போய் "உங்களிடம் ஆண்தன்மை அதிகம்" என்று சொல்ல முடியுமா? நாற்று முடியைக் கையில் பிடித்த நாளிலிருந்து அவர் செய்வது, அவர் பார்த்த பெண்கள் எல்லாரும் செய்தது.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது சாய்ந்த தென்னைகளுக்கு நிவாரணம் தர அதிகாரிகள் கணக்கெடுத்தார்கள். நான் போன ஊர்களில் அவர்கள் கேட்டதெல்லாம் பட்டா யார் பேரில் என்றுதான். மனநலம் விசாரிக்க வந்தவர்களும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஆண்களிடம் பேசிவிட்டுப் போனார்கள். அந்தக் கன்றுகளுக்குக் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தவள் பக்கத்தில்தான் நின்றாள். "மரம் அவரு பேருல, நான் என்னத்தச் சொல்றது" என்றாள் ஒருத்தி. அவள் இழப்பை எந்தக் கேள்வித்தாள் கேட்கும்? அதை எழுத வேண்டியவர்கள் நம் மாணவர்கள்.

அதற்கு ஆட்கள் இல்லாமல் இல்லை. மயிலாடுதுறை பக்கத்து மூவலூரில் வளர்ந்து, தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம், அரசுப் பள்ளி மாணவிகளின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியது. 2022 செப்டம்பர் 5-ல் புதுமைப்பெண் என்ற பெயரில் தொடங்கிய அந்த உதவியோடு கல்லூரிக்கு வரும் பெண்களில் பலர் நடவுக்காரர்களின் மகள்கள். "சோறு இறங்கல" என்று அம்மா சொன்னால் அது பசியைப் பற்றிய பேச்சு மட்டும் இல்லை என்று அவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். பெண்கள், பாலினம் பற்றிய உளவியலை விருப்பப் பாடமாகக் கடைசிப் பருவத்தில் ஒதுக்காமல், இரண்டாம் ஆண்டிலேயே முழுத் தாளாக வையுங்கள். ஆய்வு மாணவர்கள் முதல் ஒரு வருடம் வயலிலும் வீட்டிலும் பேச்சைச் சேகரித்து, அந்தச் சொற்களிலிருந்து கேள்விகளை உருவாக்க அனுமதியுங்கள். அப்புறம் எண்ணட்டும், தாராளமாக எண்ணட்டும். ஆய்வேட்டைத் தமிழில் தந்தால் வாங்குங்கள். பதிவுக் குழுவில் கல்யாணத்தைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது என்று எழுத்தில் போடுங்கள். இந்தத் துறையில் ஆய்வு முடித்தவர்களுக்கு நிரந்தரப் பணியிடம் கேட்டு அரசுக்கு எழுதுங்கள். என் மாணவிகளில் கெட்டிக்காரி ஒருத்தி கௌரவ விரிவுரையாளராக வருடங்களை ஓட்டிவிட்டு, இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள்.

அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடுங்கள். கேசட்டுகளையும் அவற்றைக் கேட்டு எழுதிய நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு வருகிறேன். முதல் கேசட்டில் இருப்பது அந்தப் பெரியம்மாவின் குரல். ஒரு மணி நேரம் ஓடும். உட்கார்ந்து கேட்டுவிட்டு, அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
உளவியல் ஆசிரியை ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்