பெரிய சாரைத் தோளில் சுமந்த ஊருக்கு

அன்புள்ள ஊர் மக்களுக்கும், அப்பாவிடம் படித்த எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவின் முப்பதாம் நாள் பூசை நல்லபடியாக முடிந்தது. விடுப்பு தீர்ந்து தம்பி குவைத்துக்குத் திரும்பிவிட்டான். அடக்கத்தன்று மழையிலும் கூட்டத்திலும் யாரிடமும் நின்று நாலு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எங்கள் இருவர் சார்பிலும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன்.

வெளியூரிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் கீழ்வேளூர் பக்கம், திருவாரூர் நாகப்பட்டினம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அப்பா 1966-இல் இங்கே ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்து, அங்கேயே தலைமை ஆசிரியராகி, 2002 மே மாதம் ஓய்வு பெற்றார். ஊருக்கே அவர் பெரிய சார். நடவு, அறுப்பு நாட்களில் பெற்றோரோடு வயலுக்குப் போய்விடும் பிள்ளைகளுக்காக அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை வகுப்பு ஆரம்பித்தார். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வகுப்பு நிற்கவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது கிறிஸ்துமஸ் இரவில்தான், 1968 டிசம்பர் 25 அன்று, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதில் அதிகம். அப்பா அதைப் பற்றி நிறையப் பேசியதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து பகலோடு சரி. இரவில் ஜெபமாலை மட்டும்தான். சின்ன வயதில் எங்களுக்கு அது புரியவில்லை. திண்ணையில் உட்கார்ந்து படித்த பிள்ளைகள் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் என்று விவரம் தெரிந்த பிறகு புரிந்தது. சாமி கும்பிடுவதும் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதும் அவருக்கு ஒரே வேலை. 2004 சுனாமியின்போதும் அப்படித்தான். மறுநாளே நாகப்பட்டினம் போய், காணாமல் போனவர்களைத் தேடி வந்தவர்கள் சொல்லச் சொல்லப் பெயரும் அடையாளமும் நோட்டில் எழுதிக்கொடுத்தார். அவருடைய கையெழுத்து அச்சுப் போல இருக்கும்.

அந்தக் கைதான் பக்கவாதத்தில் போனது. பேச்சும் போய்விட்டது. யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்றே வாழ்ந்த மனிதர் எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கையை எதிர்பார்க்க வேண்டியதாயிற்று. நான் சென்னைக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். நான் இல்லாத நாட்களில் அவருக்கு ஒரு குறையும் வரவில்லை.

எதிர்வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீராக இருப்பதைக் கொடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று திருவாரூர் மருத்துவமனையில் செவிலியர் சொன்னதை ஒருமுறைதான் கேட்டார். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து அப்பாவை நிமிர்த்தி உட்காரவைப்பார். தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, கெட்டியான கஞ்சியை அரைத் தேக்கரண்டி கொடுப்பார். தொண்டையைப் பார்ப்பார். விழுங்கிய பிறகுதான் அடுத்தது. ஒரு கிண்ணம் கஞ்சிக்கு முக்கால் மணி நேரம் ஆகும். அக்கா அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அடுப்பில் சொந்த வீட்டு உலை கொதித்துக்கொண்டிருக்கும், அப்பவும் எழுந்து போகமாட்டார்.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தந்த தங்கைக்கும், கை கால் பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபி தம்பிக்கும் நன்றி. அந்தத் தம்பி ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குத் துணையாக வந்து உட்கார்ந்தவன் அக்காவின் பேரன், மூன்றாம் வகுப்பு. அவன் ஏழாம் வாய்ப்பாடு சொல்லுவான், அப்பா ஒவ்வொரு வரிக்கும் ஒருமுறை பந்தை அழுத்துவார். தப்பாகச் சொன்னால் கை அப்படியே நின்றுவிடும். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு யோசித்துத் திருத்திச் சொன்ன பிறகுதான் விரல் அசையும். பேச்சு இல்லாமலே அந்தப் பிள்ளைக்குப் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டார் எங்கள் அப்பா. கண்ணா, உனக்கும் நன்றி.

முதல் வெள்ளி தவறாமல் நற்கருணை கொண்டுவந்த கன்னியர் மடத்துச் சகோதரிக்கும், நோயில் பூசுதல் கொடுக்க இரவென்று பாராமல் வந்த பங்குச் சாமியாருக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் வண்டியெடுத்த ஆட்டோ அண்ணனுக்கும் எங்கள் நன்றி.

ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு அப்பா சாலையோரம் தண்ணீர்ப் பந்தல் போடுவது உங்களுக்குத் தெரியும். காவி உடுத்தி, கால் கொப்பளித்து வருகிறவர்களுக்கு வெந்நீரில் உப்புப் போட்டுக் கால் நனைக்கக் கொடுப்பார். மோர் மேலத்தெருவிலிருந்து வரும். ஐஸ் கட்டி கடைத்தெரு பாய் கொடுப்பது. யார் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்கள் என்ற பேச்சே அந்தப் பந்தலில் வந்ததில்லை. இந்த முறை அப்பா படுக்கையில் இருந்தார். நாங்கள் ஒன்றும் சொல்லாமலே பிள்ளைகள் பந்தலைப் போட்டு முடித்து, அவரை வீல்சேரில் தள்ளிக்கொண்டு போய் நிழலில் உட்காரவைத்தார்கள். அன்று சாயங்காலம் வரை வீட்டுக்கு வரமாட்டேன் என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கார்த்திகை அடைமழையில்தான் அப்பா போனார். தம்பி வரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் கொண்டுவந்து, இரவு முழுக்க டீசல் ஊற்றிப் பார்த்துக்கொண்டவர்களை நான் மறக்கமாட்டேன். அடுத்தது குழி. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு அடி தோண்டினாலே தண்ணீர் ஊறி நின்றது. இறைக்க இறைக்க ஏறியது. அந்த நேரத்தில் கீழத்தெரு அண்ணன்கள் ஆயில் இன்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்த நேரம் என்பதைச் சொல்லியாக வேண்டும். சம்பாப் பயிர் மூழ்கி, வடிகால் வாய்க்காலில் தண்ணீர் இறங்காமல், வயல் தண்ணீரை இறைத்து வெளியேற்ற அவர்களிடம் இருந்தது அந்த ஒரு இன்ஜின்தான். பயிர் அழுகிவிடும் என்ற நிலையிலும் அதை நிறுத்திக் கழற்றி, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். குழியைச் சுற்றி மணல் மூட்டை அடுக்கி, பெட்டியை இறக்குகிற நிமிடம் வரை இன்ஜினை ஓட்டினார்கள். அடியில் வைக்கோல் பரப்பினார்கள். எங்கள் அப்பா தண்ணீரில் கிடக்கவில்லை. அன்றைக்குத் தம்பி அவர்கள் காலில் விழப்போனபோது தடுத்துவிட்டார்கள். இந்த மடலிலாவது விழுந்து கும்பிட்டுக்கொள்கிறோம்.

சவ ஊர்தி சேற்றில் இறங்க முடியாமல் சாலையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து கல்லறை வரைக்கும் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் அவரிடம் முதல் வகுப்பு படித்தவர்கள். அதில் பலருக்குப் பேரப்பிள்ளைகளே இருக்கிறார்கள்.

இனிமேல் ஆகவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பைக் கல்லூரியில் படிக்கும் இரண்டு தங்கைகள் எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். திண்ணையும் கரும்பலகையும் அப்படியே இருக்கும், லைட் பில் நாங்கள் கட்டுகிறோம். ஆகஸ்டில் பந்தல் உண்டு. தம்பி அதற்கு விடுப்பு கேட்டிருக்கிறான். அப்பாவின் வீல்சேர், காற்றுப் படுக்கை, நடைக்குச்சி எல்லாம் துடைத்துக் காயவைத்து உள்ளறையில் வைத்திருக்கிறேன். ஊரில் யாருக்குத் தேவைப்பட்டாலும் எடுத்துக்கொள்ளலாம், காசு எதுவும் வேண்டாம். வீட்டுச் சாவி எதிர்வீட்டு அக்காவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
பெரிய சாரின் மகள்