திரையை அழுத்தச் சொல்வதற்கு முன்: திறன்பேசி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

திறன்பேசித் திரைகளையும் அவற்றின் இயங்குதளங்களையும் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம்.

அழுத்தம் உணரும் திரைகளுக்கு 2015 செப்டம்பர் ஒரு பொற்காலம். பெர்லின் ஐஎஃப்ஏ கண்காட்சியில் ஹுவாவே தன் மேட் எஸ் திரைமேல் ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்து எடை போட்டுக் காட்டியது. அடுத்த சில நாளில் ஆப்பிளின் ஐபோன் 6எஸ், விரல் எவ்வளவு அழுத்துகிறது என்பதை உணரும் 3டி டச் வசதியோடு அறிமுகமானது. இசட்டிஇ, மெய்சு, சியோமி என்று மற்றவர்களும் ஏதாவது ஒரு மாடலில் முயன்று பார்த்தார்கள். 2018-இல் ஐபோன் எக்ஸ்ஆர் அந்த வசதி இல்லாமல் வந்தது. 2019-இல் ஐபோன் 11 வரிசை முழுவதிலிருந்தும் அதை எடுத்துவிட்டார்கள். அதை அன்றாடம் பயன்படுத்திய சிலரைத் தவிர யாரும் பெரிதாக வருந்தவில்லை.

உணரியில் குறை இல்லை. கையில் வாங்கிய முதல் சில நாளில் பயனர் மனத்தில் பதிந்த கணக்குதான் கோணலாகிவிட்டது. எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் தொடர்ந்து அளந்து சொல்லக்கூடிய ஒன்றை, ஒளித்துவைத்த இன்னொரு பொத்தானாக அறிமுகம் செய்தீர்கள். பொத்தானுக்கு அழுத்தம் தேவையே இல்லை, கொஞ்சம் பொறுத்திருந்தால் போதும் என்று, பிறகு அதன் இடத்தில் நீண்ட தொடுகையை வைத்து நீங்களே நிரூபித்தும் காட்டினீர்கள். மறுபடி ஒரு முறை இதை முயல்பவர்களுக்காக, செயலி எழுதுபவர்களும் திரை மாற்றுபவர்களுமான நாங்கள் எழுதும் மடல் இது.

முதன்முதலாகத் தொடுபவரின் விரலிலிருந்து தொடங்குவோம். தட்டுவது, தொட்டுக்கொண்டே இருப்பது, அழுத்துவது ஆகிய மூன்றும் விவரக்குறிப்பில் மூன்று வேறு சைகைகள். விரலுக்கு அப்படி இல்லை. காத்திருக்கும் விரல் தானாகவே அழுத்தத் தொடங்கும்; எதுவும் நடக்காவிட்டால் இன்னும் அழுத்தும். ஐஓஎஸ்ஸில் நீண்ட தொடுகைக்கான இயல்பு நேரம் அரை வினாடி. ஆண்ட்ராய்டில் 400 முதல் 500 மில்லிவினாடி. அந்த இடைவெளிக்குள் விசை வரம்பைத் தாண்டிவிட்டால் வேறொரு செயல் நடந்துவிடும். ஒரு செயலியை முகப்பிலிருந்து நீக்கவோ நகர்த்தவோ தொட்டவருக்குக் குறுக்குவழிப் பட்டியல் வந்து நின்றது இதனால்தான். "தொட்டு வையுங்கள், ஆனால் அழுத்தாதீர்கள்" என்று உதவிப் பக்கத்தில் எழுத நேர்ந்தால் அந்த வடிவமைப்பு அங்கேயே தோற்றுவிட்டது என்று பொருள். ஒரே இடத்தில் நேரத்துக்கு ஒரு செயலும் விசைக்கு வேறொரு செயலும் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே செயலுக்கே இட்டுச் செல்லட்டும். அழுத்தினால் சீக்கிரம், பொறுத்திருந்தால் சற்றுத் தாமதம். ஒரு தொடுகை வேண்டுமென்றே அழுத்துவதா என்று செயலிக்குச் சொல்ல கூகுள் ஆண்ட்ராய்டு 10-இல் சேர்த்த ஆழ்ந்த அழுத்த வகைப்பாடு இந்த வழியில்தான் போகிறது. பயனர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

இரண்டு படிகள் வைத்தது அடுத்த சிக்கல். லேசாக அழுத்தினால் முன்னோட்டம், இன்னும் அழுத்தினால் முழுப்பக்கம் என்பது மேடையில் அழகாகத் தெரிந்தது. கையில் வந்தபோது பலர் இரண்டு படிகளையும் ஒரே அமுக்கில் தாண்டினார்கள். முன்னோட்டம் என்று ஒன்று இருப்பதே அவர்கள் கண்ணில் படவில்லை. பயந்து மெல்ல அழுத்தியவர்களுக்கு எதுவும் திறக்கவில்லை. பழகாத விரல் நம்பிக்கையாகப் பிரித்தறிவது இரண்டு நிலைகளைத்தான்: சாதாரணத் தொடுகை, வேண்டுமென்றே அழுத்துவது. ஆகவே செயலைத் தூண்ட ஒரே ஒரு வரம்பு போதும். அந்த வரம்புக்கும் ஏறுவதற்கு ஓர் எண், இறங்குவதற்கு அதைவிடக் குறைந்த ஓர் எண் என்று வையுங்கள். உச்ச விசையில் பாதியில் தூண்டினால், மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிய பிறகுதான் விடுவிக்க வேண்டும். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால், வரம்பை ஒட்டி நடுங்கும் விரலுக்குப் பட்டியல் திறந்து திறந்து மூடும். வேகமான தட்டலிலும் கண நேரத்துக்கு விசை எகிறும் என்பதை மறக்க வேண்டாம். தொட்ட முதல் சில பத்து மில்லிவினாடிகளின் அளவைத் தூண்டுதலுக்குக் கணக்கில் எடுத்தால், அவசரமாகத் தட்டச்சு செய்பவர் எல்லாம் 'அழுத்துபவர்' ஆகிவிடுவார்.

இனி கண்ணாடிக்கு வருவோம். ஐபோன் 6எஸ்ஸில் பின்னொளித் தகட்டோடு சேர்த்து மின்தேக்கு உணரிகளை வைத்தார்கள். விரல் அழுத்தும்போது மேல்கண்ணாடி நுண்ணிய அளவில் வளையும். கண்ணாடிக்கும் உணரிக்கும் உள்ள இடைவெளி குறையும். அந்த மாற்றம்தான் அளவு. ஓரங்களில் ஒட்டப்பட்ட தகடு நடுவில் அதிகம் வளையும், ஓரத்தை நெருங்க நெருங்க வளைவது குறையும். ஆகவே ஒரே விசைக்கு நடுவிலும் மூலையிலும் கிடைக்கும் மூல அளவுகள் வெவ்வேறு. இடத்துக்கு ஏற்ற திருத்த அட்டவணை இல்லாமல் எந்தத் திரையும் சரியாக வராது. தடிமன் விஷயம் இதைவிடக் கடுமை: தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயரும். கண்ணாடியை இருமடங்கு தடிப்பாக்கினால் அதே விசைக்கு வளைவு எட்டில் ஒரு பங்கு. உடையாத திரையும் நன்றாக உணரும் திரையும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. இதில் எதை எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள் என்பது விளம்பரத்தில் வராது, முதல் நாளே விரலுக்குத் தெரிந்துவிடும்.

வாங்கிய கையோடு பலர் செய்யும் முதல் வேலை பாதுகாப்புக் கண்ணாடி ஒட்டுவது. முழுப்பரப்பிலும் பசை உள்ள 0.3 மி.மீ. கண்ணாடி பெரும்பாலும் தொந்தரவு தராது. விளிம்பில் மட்டும் பசை உள்ளவைதான் வில்லங்கம்: நடுவே காற்று இடைவெளி இருப்பதால் விரல் முதலில் அந்தக் கண்ணாடியைத்தான் வளைக்கிறது, திரைக்கு மிச்சம்தான் போய்ச்சேருகிறது. இறுக்கமான உறை ஓரத்தை அழுத்திப் பிடித்தால், விரல் படாதபோது உணரி காட்டும் அளவான பூஜ்ஜிய நிலையே நகர்ந்துவிடும். சூடும் குளிரும்கூட அதை நகர்த்தும். விரல் இல்லாத ஒவ்வொரு இடைவெளியிலும் பூஜ்ஜியத்தைத் திருத்திக்கொள்வது இதற்குச் சரியான வழி. ஆனால் விரல் திரையில் இருக்கும்போது திருத்தினால், நீண்ட நேரம் அழுத்திப் பிடித்திருப்பவரின் அளவு மெல்ல மெல்லக் கரைந்துபோகும். உப்பிய பேட்டரி பின்னாலிருந்து திரையைத் தள்ளும்போது தொடாமலே அழுத்தம் பதிவாகலாம். அந்த நிலையைக் கண்டுபிடிக்க இந்த உணரியே உதவும். பூஜ்ஜிய நிலை வாரக்கணக்கில் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தால் பயனரை எச்சரியுங்கள். கூடுதல் பாகம் எதுவும் வேண்டாம்.

பழுதுபார்க்கும் மேசையில் இன்னொரு கதை. விசை உணரி திரைத்தொகுப்போடு ஒட்டியே வருவதால், தரம் குறைந்த மாற்றுத் திரை போட்டதும் தொடுதல் வேலை செய்யும், அழுத்தம் செத்திருக்கும் அல்லது ஏறுமாறாக இருக்கும். பயனருக்கோ தன் போன் கெட்டுவிட்டது என்பது மட்டுமே தெரியும். திரை மாற்றிய பின் செய்ய வேண்டிய அளவுத்திருத்தத்தை அமைப்புகளுக்குள்ளேயே ஒரு பக்கமாகத் திறந்துவையுங்கள். ஒன்பது புள்ளிகளில் தெரிந்த எடையை வைத்துச் சோதிக்கும் பக்கம் போதும். வைக்கும் பொருள் மின்கடத்தியாகவும், தொடும் முனை விரல்நுனி அளவிலும் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் திரை அதைத் தொடுகையாகவே எண்ணாது. ஐபோனில் எடை பார்க்க முயன்றவர்கள் கரண்டியைத் திரைமேல் வைத்தது இதனால்தான்.

செயலி எழுதுபவர்கள் கையில் நீங்கள் கொடுத்த எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐஓஎஸ்ஸில் 1.0 என்றால் 'சராசரித் தொடுகை'. அது யாருடைய சராசரி என்பது அமைப்பின் முடிவு. ஆண்ட்ராய்டில் அழுத்தம் என்ற பெயரில் ஓர் எண் தொடக்கத்திலிருந்தே கிடைக்கிறது, ஆனால் பெரும்பாலான போன்களில் அது விரல் தொட்ட பரப்பிலிருந்து ஊகித்தது. கட்டைவிரலைப் படுக்கவைத்தால் விசை கூடாமலே எண் கூடும். விரல், பேனா, சுட்டெலி ஆகியவற்றின் அசைவுகளை உலாவிகள் வலைப்பக்கத்துக்குச் சொல்லும் சுட்டி நிகழ்வுகளில், அழுத்தம் உணராத கருவியில் தொட்டிருக்கும் வரை 0.5 என்று வரும். உண்மையான பாதி அழுத்தமா, வெறும் இடநிரப்பியா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை. எங்களுக்கு வேண்டியவை இரண்டு: இந்தக் கருவி உண்மையில் விசையை அளக்கிறதா என்பதற்கு ஆம், இல்லை என்ற நேரடி விடை, அளந்தால், நியூட்டனில் ஓர் எண், பிழை வீச்சோடு. எடை காட்டும் செயலிகளைத் தன் கடையில் ஆப்பிள் அனுமதிக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும். அலகே இல்லாத எண்ணை வைத்து ஓவியச் செயலிகூட ஒழுங்காக எழுத முடியாது.

உணரியே இல்லாமல் அழுத்தத்தை ஊகிக்கலாம் என்கிறது இன்னொரு வழி. கூகுளின் பிக்சல் 4-இல், விரல் பட்ட பரப்பைத் தொடுதிரை பதியும் மின்தேக்குப் படம் நேரத்தோடு எப்படி விரிகிறது என்பதை நரம்பியல் வலையமைப்பு (எடுத்துக்காட்டுகளிலிருந்து கற்றுக்கொள்ளும் நிரல்) பார்த்து, அழுத்துகிறாரா என்று முடிவுசெய்தது. நீண்ட தொடுகையை விரைவுபடுத்த அது நல்ல வேலை. ஓவியச் செயலியில் தூரிகையின் அடர்த்திக்கு அதை நம்ப முடியாது. தயவுசெய்து இரண்டையும் ஒரே பெயரில் விற்காதீர்கள்.

எது பயனர் மனத்தில் நின்றது என்று பார்த்தாலும் வழி தெரிகிறது. ஐபோனில் திரை விசைப்பலகையை அழுத்திப் பிடித்துச் சுட்டியை நகர்த்துவது, விரலை எடுக்காமலே இன்னும் அழுத்திச் சொல்லைத் தேர்ந்தெடுப்பது. குறிப்புச் செயலியில் விரலால் வரையும்போது கோடு தடிப்பது. முதல் முயற்சியிலேயே பிடிபட்டவை இவை, ஏனென்றால் அழுத்தம் மாறும்போதே கண்ணெதிரே ஏதோ மாறிக்கொண்டிருந்தது. 2017-இல் வந்த கேலக்ஸி எஸ்8 இன்னொரு எடுத்துக்காட்டு. முழுத்திரையையும் விட்டுவிட்டு, கீழே முகப்புப் பொத்தான் இருந்த இடத்தில் மட்டும் அழுத்த உணரி. ஒரே இடம், ஒரே வேலை. திரை அணைந்திருந்தாலும் வேலை செய்தது. அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாறாக, முகப்பிலுள்ள எந்தச் சின்னம் அழுத்தத்துக்கு இணங்கும் என்று பார்த்தாலே தெரியும்படி ஐபோனில் எந்த அடையாளமும் இருக்கவில்லை. இணங்காத சின்னத்தை அழுத்தியவருக்கு மூன்று குட்டி அதிர்வுகள் கிடைத்தன. நான்கைந்து முறை அப்படி நடந்தால் யார்தான் மறுபடி அழுத்திப் பார்ப்பார்?

அதிர்வைக் குறை சொல்லவில்லை. ஆப்பிள் கொடுத்த 10 மில்லிவினாடிச் சிறு தட்டும் 15 மில்லிவினாடி முழுத் தட்டும் இல்லாமல் அந்தத் திரை வெறும் சுவர்தான். விறைப்பான கண்ணாடியில் எங்கே நிறுத்துவது என்று விரலுக்குச் சொல்ல வேறு வழியில்லை. ஆனால் அதற்கும் விலை உண்டு. 129 கிராம் ஐபோன் 6, 6எஸ் ஆனபோது 143 கிராம். அந்தக் கூடுதலில் புதிய உணரித் திரைக்குப் பெரும்பங்கு. அதிர்வு மோட்டாருக்கு உள்ளே இடமும் வேண்டும். இன்னொரு பக்கம் 2008-இன் பிளாக்பெரி ஸ்டார்ம்: திரை முழுவதையும் ஒரு பெரிய பொத்தானாக்கி, எழுத்துக்கு எழுத்து அமுக்கவைத்தது. அமுங்கும் உணர்வு இருந்தது, வேகம் போயிற்று.

கை நடுங்குபவர், மூட்டுவலி உள்ளவர், செயற்கை விரல் அல்லது குச்சியால் தொடுபவர் இவர்களை உங்கள் சோதனையில் முதல் நாளிலிருந்தே சேருங்கள். 'லேசு, நடுத்தரம், உறுதி' என்ற மூன்று நிலை அமைப்பு ஐபோனில் இருந்தது, அணுகல்தன்மைப் பக்கத்துக்குள் புதைந்து. போனை முதலில் இயக்கும்போதே ஒரு சோதனைப் படத்தைக் காட்டி, மூன்று முறை இயல்பாகத் தொடவும் மூன்று முறை அழுத்தவும் சொல்லி, அவரவர் வரம்பை அங்கேயே கணக்கிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. அழுத்தினால் மட்டுமே கிடைக்கும் செயல் என்று ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கடைசியாக, ஒரே குடும்பத்தில் பாதிக் கருவிகளுக்கு மட்டும் இதைக் கொடுக்காதீர்கள். ஐபேடிலும் முதல் ஐபோன் எஸ்இ-யிலும் 3டி டச் இல்லை. ஆகவே எந்தச் செயலியும் முக்கியமான எதையும் அழுத்தத்தின் மேல் கட்டத் துணியவில்லை; கட்டாததால் பயனருக்கு அழுத்திப் பார்க்கக் காரணமும் கிடைக்கவில்லை. எல்லா மாடலுக்கும் முழுத்திரை உணரி கட்டுப்படியாகாது என்றால், எல்லாவற்றிலும் கீழ் விளிம்பில் மட்டும் ஒரு பட்டை வையுங்கள். செயலிகள் அந்தப் பட்டையைப் பயன்படுத்துவதற்கான நிரல் இடைமுகத்தை முதல் கருவி விற்பனைக்கு வருமுன் எங்களுக்குக் கொடுங்கள். அளவுத்திருத்த முறையைப் பழுதுபார்ப்பவர்களுக்கும் அதே நாளில் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலி எழுதுபவர்களும் திரை மாற்றுபவர்களும்