சித்தப்பா, கொஞ்சம் சின்னதாகப் பேசுங்கள்

அன்புள்ள சித்தப்பா,

இதைப் பொதுவில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். காவேரிப்பட்டணத்தில் நம் தெருவிலேயே இன்னும் சில வீடுகளில் இதே சண்டைதான் ஓடுகிறது.

அல்சைமர் என்ற மறதி நோய் வந்த சித்தியைப் பற்றி, "காது நல்லாத்தான் கேக்குது, சொன்னா செய்யமாட்டேங்கறா, பிடிவாதம்" என்கிறீர்கள். காதில் குறையில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு எதற்குக் கத்துகிறீர்கள்? சத்தம் சித்திக்கு ஒழுங்காகப் போய்ச் சேருகிறது. அதைப் பொருளாக்கும் மூளைப் பகுதிகளைத்தான் அல்சைமர் அரிக்கிறது. கேட்டதைச் சில நொடி பிடித்துவைக்கும் சக்தியும் கூடவே போகிறது.

இதில் நம் தமிழ் வேறு. வினை கடைசியில்தான் வரும். "மத்தியானம் களி சாப்பிட்டதுக்கப்புறம் அந்த வெள்ளை மாத்திரையப் போடாத" என்கிறீர்கள். 'போடாத' வருவதற்குள் முன்பாதி போயிருக்கும், அல்லது மாத்திரை மட்டும் மனசில் நின்று, எடுத்துப் போட்டுக்கொள்வார். "களி சாப்பிடு." அவ்வளவுதான். முடித்த பிறகு அடுத்தது. மாத்திரை டப்பாவைப் பரண்மேல் வைத்துவிட்டால் அந்தப் 'போடாத'வே வேண்டியதில்லை. "அதை அங்க வை" என்பதும் வேண்டாம்; எது, எங்கே என்று தேடியே சோர்ந்துவிடுவார். "சொம்பைத் திண்ணையில வை" என்று கையைக் காட்டிச் சொல்லுங்கள்.

சொல் நழுவினாலும் குரலும் முகமும் வெகுநாள் புரியும். நீங்கள் அதட்டும்போது என்ன சொன்னீர்கள் என்று சித்திக்குத் தெரியாது, கோபம் மட்டும் தெரியும். அழுகை அதனால்தான்.

அப்புறம் சித்தி தமிழை விட்டுப் பேசும் அந்தத் தெலுங்கு. தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு வீட்டில் பிறந்தவர், கல்யாணமாகி வந்துதான் தமிழ் பழகினார். பிந்திப் பழகிய மொழி முந்தி நழுவுவது பலருக்கும் நடப்பது. மாமியார் வீட்டில் வாய் ஓயாமல் தெலுங்கு பேசியவர்தானே நீங்கள், இப்போது என்ன கூச்சம்? ரா (வா), கூர்ச்சோ (உட்கார்), தினு (சாப்பிடு). இது போதும்.

ரெண்டு மொழி பேசித்தான் மூளை குழம்பிப்போச்சு என்று பெரியப்பா சொன்னாராம். ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய்கள், வந்த 648 பேரை ஆராய்ந்து சுவர்ணா அல்லாடி குழுவினர் 2013இல் வெளியிட்டதை அவருக்குச் சொல்லுங்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, ஒன்றுக்கு மேல் பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அதற்குள் டிவியைச் சாப்பிடும் இடத்திலிருந்து மாற்றிவிடுங்கள். சீரியல் ஓடினால் பேசுவது நீங்களா டிவியா என்று சித்தியால் பிரிக்க முடியாது.

உங்கள் அண்ணன் மகள்