கலங்கல் ஓரத்தை விட்டுவையுங்கள்

எங்கள் ஊர் ஏரியை மீன்பாசிக் குத்தகைக்கு, அதாவது மீன் பிடிக்கும் உரிமைக்கு, எடுத்திருக்கும் ஐயா அவர்களுக்கும், ஏலம் விட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிறு காலை, ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கல் ஓரத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் காவலாட்கள் என் அப்பாவின் மூங்கில் தூண்டிலைப் பிடுங்கி முழங்காலில் வைத்து ஒடித்தார்கள். அவருக்கு வயது 74. பையில் ஒரு மீன்கூட இல்லை.

அங்கே தண்ணீர் முழங்கால் ஆழம்தான், அசைவே இருக்காது. கரையில் அழுத்தி மிதித்தாலே விராலுக்குத் தெரிந்துவிடும். நிழல் விழுந்தால் கோரைக்குள் போய்விடும். அதனால் அப்பா வெயில் முகத்தில் அடித்தாலும் பரவாயில்லை என்று, நிழல் பின்னால் விழும்படி குந்துவார். விரால் மூச்செடுக்க மேலே வந்த இடத்தைப் பார்த்துவைத்து, அதற்கு இரண்டு முழம் தள்ளிச் சத்தமில்லாமல் புழுவை இறக்குவார். நீலகிரியில் டிரவுட் மீனுக்கு, இறகால் செய்த பொய்ப்பூச்சியைத் தூண்டிலில் கட்டி வீசுகிறவர்களும் இப்படித்தான் பதுங்குவார்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து வெறுங்கையோடு திரும்பிய நாட்களே அதிகம். செந்நிறப் பார்ப்போடு, அதாவது குஞ்சுக் கூட்டத்தோடு, திரியும் விரால் என்றால் அப்பா தூண்டிலைச் சுருட்டிவிடுவார். தாய் போனால் குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும் என்பார்.

உங்கள் ஆட்களோ அதே பார்ப்பைக் கொசுவலையால் வாரினார்கள். கோடையில் மிஞ்சிய குட்டையில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். நஞ்சு கலந்து மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. அந்தக் குட்டைக்கு ஓர் அலுவலரும் வரவில்லை. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட அந்த மழையில் நிரம்பிய ஏரி இது. இன்று வரத்துக்கால்வாயில் கட்டட இடிபாடும் சாக்கடையும். அதைக் கேட்கவும் ஆளில்லை. ஒரு கிழவரின் தூண்டிலை ஒடிக்க மட்டும் நான்கு பேர் வந்தார்கள்.

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன். குத்தகைப் பணம் கட்டியவர் நீங்கள். வலை உங்கள் உரிமை. கலங்கல் ஓரத்து ஆழமில்லாத அந்த ஐம்பது அடியை மட்டும் தூண்டில்காரர்களுக்கு விடுங்கள். அங்கே வலையும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். அலுவலர்கள் இதை அடுத்த ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அப்பா புது மூங்கில் வெட்டி நிழலில் காயவைத்திருக்கிறார். அது காய்வதற்குள் உங்கள் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
காட்பாடிப் பக்கத்துத் தூண்டில்காரர் ஒருவரின் மகன்