நைஸா நழுவுகிறாயே

அல்சூர், பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால்காரர் மணி அடித்தாலே ஏதோ பாங்க் நோட்டீஸ் என்று பதறுகிற என் வீட்டுக்காரி, கவர் மேல் உன் கோழிக்கிறுக்கலைப் பார்த்ததும், "உங்க மதுரைக்காரர்தான், நிம்மதியாப் படிங்க" என்று காப்பியோடு கொண்டுவந்து கொடுத்தாள்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். மகனுக்கு மாற்றல் வந்தது, எதிர்வீட்டுக்காரர் இன்னொரு மாடி எழுப்பி உன் வீட்டு வெளிச்சத்தை மறைத்தது, வைகையில் வந்த தண்ணீர் மூன்றே நாளில் வடிந்தது எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. கண் ஆபரேஷன் என்ன ஆயிற்று, சர்க்கரை எவ்வளவு என்று நான் போன தடவை கேட்டதற்கு மட்டும் கடைசியில் ஒரே வரி: "ஹெல்த் நைஸ், டோன்ட் வொர்ரி." அந்த வரியைப் படித்துவிட்டு எனக்கு வந்த கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்த வார்த்தை ஒரு வாரமாக எங்கள் வீட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது என்பது வேறு. பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் நந்தி மலைக்கு அழைத்துப்போனார்கள். திரும்பி வந்து இங்கிலீஷில் ஒரு பக்கம் கட்டுரை எழுதினாள். பஸ் நைஸ், மலை நைஸ், மேகம் நைஸ், கட்டிக்கொண்டுபோன இட்லி நைஸ், டிரைவர் அங்கிள் வெரி நைஸ். டீச்சர் ஒன்பது நைஸையும் சிவப்பு மையில் வட்டம் போட்டு, வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று கீழே எழுதி அனுப்பிவிட்டார். பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தது. "தாத்தா, நைஸ்ங்கிறது கெட்ட வார்த்தையா?"

கெட்ட வார்த்தையாகத்தான் பிறந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

லத்தீனில் 'நெஸ்கியுஸ்' என்று ஒரு சொல். 'நெ' என்றால் இல்லை, 'ஸ்கீரே' என்றால் அறிதல். ஆக, ஒன்றும் அறியாதவன். சயின்ஸ் என்பதும் அந்த 'ஸ்கீரே' வயிற்றுப் பிள்ளைதான், ஒரே குடும்பத்தில் ஒருவன் விஞ்ஞானி, ஒருவன் தற்குறி. பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் இங்கிலாந்தில் கால்வைத்தபோது நைஸ் என்றால் முட்டாள். அன்றைக்கு ஒருவனைப் பார்த்து நைஸ் மேன் என்றிருந்தால் கைகலப்பு ஆகியிருக்கும். அசட்டுத்தனம் கொஞ்ச நாளில் கூச்சம் ஆனது. கூச்சம், இது ஆகாது அது ஆகாது என்று முகம் சுளிக்கிற குணம் ஆனது. அப்படிப் பொறுக்கிப் பொறுக்கி எடுக்கிறவன் கண்ணுக்குத்தானே சின்ன வித்தியாசமும் தெரியும்? 1500-களில் நுட்பம், துல்லியம் என்ற பொருள் ஏறியது. இனிமையானது, இதமானது என்று ஆனதெல்லாம் 1700-களின் பிற்பாதியில்தான். ஆன கையோடு எல்லாவற்றுக்கும் ஒட்டுகிற பசையாகிவிட்டது. 1817 கடைசியில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' நாவலில் ஜேன் ஆஸ்டின் ஒரு பாத்திரத்தை வைத்து, நாள் நைஸ், நடை நைஸ், பெண்கள் நைஸ் என்று அடுக்கவிட்டு இந்தச் சொல்லைக் கேலி செய்கிறார். பேத்தியின் டீச்சருக்கு 200 வருஷத்துக்கு முன்பே துணைக்கு ஆள் இருந்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. 'சில்லி' என்ற சொல் ஆதியில் பாக்கியவான் என்ற பொருளில் இருந்தது. பிறகு வெகுளி, பிறகு பாவப்பட்டவன், கடைசியில் அசடு. ஒன்று மாடியிலிருந்து இறங்க, மற்றது கீழிருந்து ஏற, நடுப்படிக்கட்டில் இரண்டும் எங்கேயோ முகத்தோடு முகம் பார்த்திருக்கும். நமக்குத் தமிழய்யா சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நாற்றம் என்றால் முன்பு நறுமணம், இன்றைக்கு மூக்கைப் பொத்துகிறோம். களிப்பு என்றால் கள் தந்த மயக்கம், இன்றைக்குக் கல்யாணப் பத்திரிகையிலேயே போடுகிறோம். இழிபொருட்பேறு, உயர்பொருட்பேறு என்று பரீட்சைக்கு உருப்போட்டது அறுபது தாண்டி இப்போதுதான் ருசிக்கிறது.

இனி மாவு மில் கதை. போன சனிக்கிழமை மல்லியும் மிளகாயும் அரைக்கப் போனேன். இங்கே அதைக் கிரணி என்பார்கள். "நைஸா அரைங்க" என்றேன். கன்னடக்காரப் பையன், "நுண்ணகே பேக்கா சார், தரிதரியா பேக்கா?" என்றான், பொடியாக வேண்டுமா, கொரகொரப்பாக வேண்டுமா என்று. அப்படியே நின்றுவிட்டேன். நுண்ணகே! நம்முடைய நுண். நாமோ நுண்ணை நுண்ணறிவுக்கும் நுண்கலைக்கும் நுண்ணோக்கிக்கும் எழுதிக்கொடுத்துவிட்டு, மில்லுக்கு இங்கிலீஷ்காரன் சொல்லைக் கொண்டுபோகிறோம். கன்னடக்காரன் அந்த நுண்ணை மிளகாய்ப் பொடிக்கும் சட்னிக்கும் வைத்துப் புழங்குகிறான். நம் வீடுகளில் சொல் இல்லாமலா போயிற்று? சட்னியை மைய அரை என்பாள் அம்மா. மருந்துச் சரக்கை நைய இடி என்பார் நாட்டு வைத்தியர். நைய என்ற சொல் நாக்கில் இருந்ததால்தான் நைஸ் இவ்வளவு சுளுவாக வந்து உட்கார்ந்துகொண்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நையப் புடைப்பதை மட்டும் யாரும் நைஸாகப் புடைத்தான் என்று சொல்வதில்லை, அந்த மட்டுக்கும் சந்தோஷம்.

அந்தப் பொடியைத் தொட்டுப் பார்க்கும்போது இன்னொன்று தோன்றியது. இங்கிலீஷ்காரன் பேச்சில் நைஸுக்கு நுட்பம் என்ற அர்த்தம் தேய்ந்துபோய், இப்போது படித்தவர்களின் எழுத்தில் ஓரமாகத்தான் கிடக்கிறது. நம்மூர் மில்லில் அது தினமும் சலித்து எடுக்கப்படுகிறது.

இதையாவது இங்கிலீஷ்காரனுக்கு விளக்கிவிடலாம். 'நைஸா நழுவிட்டான்' என்பதை எப்படி விளக்குவது? அங்கே நைஸ் மனிதன் என்றால் நல்லவன். இங்கே நைஸா பேசுகிறவன் என்றால் பையைத் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆளை 'நைஸ் பண்ணி' காரியம் சாதிப்பது தனிக் கலை. வார்டனை நைஸ் பண்ணி செகண்ட் ஷோ பார்த்துவிட்டு வந்த உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றுமே அறியாதவன் என்று புறப்பட்ட சொல், எல்லாம் அறிந்தும் அறியாதமாதிரி போகிறவனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. லத்தீன்காரன் எழுந்து வந்து பார்த்தால் இதையும் நெஸ்கியுஸ் என்றே ஒப்புக்கொள்வான், நடிப்பு நெஸ்கியுஸ்.

உனக்கு 1976 சித்திரைப் பொருட்காட்சி ஞாபகம் இருக்கட்டும். தமுக்கம் மைதானம், ஆளுக்கு ரெண்டு டெல்லி அப்பளம். "இரு மாப்ளே, சில்லறை மாத்திட்டு வர்றேன்" என்று கிளம்பினவன் ராட்டினத்துக்குப் பின்னால் மறைந்தாய். அகராதியில் நைஸா என்பதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் வேண்டுமென்றால் அதுதான்.

இந்த ஊரில் நைஸ் என்றால் ஒரு ரோடும்கூட. நந்தி இன்ஃப்ராஸ்ட்ரக்சர் காரிடார் எண்டர்பிரைசஸ் என்ற நாலு சொல்லின் முதல் எழுத்துகள். ஓசூர் ரோட்டிலிருந்து துமகூரு ரோடு வரைக்கும் நகரத்துக்கு வெளியே சுங்கம் கட்டிப் போகிற சாலை. மகன் கெங்கேரியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குத் தினமும் அதில்தான் போகிறான். போன வருஷம் சிவகாசியிலிருந்து காரில் வந்த என் மச்சானிடம், "ஓசூர் தாண்டி வந்ததும் நைஸ் ரோட்டைப் பிடிச்சிடுங்க" என்றேன். அவர் ஒரு ஆட்டோக்காரரை நிறுத்தி, "இங்கே நல்ல ரோடு எது தம்பி?" என்று கேட்டிருக்கிறார். "பெங்களூர்ல அப்படி ஒண்ணு இல்லண்ணே" என்று பதில் வந்ததாம், அதுவும் தமிழில். (சர்க்கரை தூவின நைஸ் பிஸ்கட் இருக்கிறதே, அதே எழுத்துகளை பிரான்சின் நீஸ் நகரத்துக்கும் எழுதுகிறார்கள். அந்த ஊர்ப் பெயருக்கு வேர் கிரேக்கத்தில் வெற்றி என்ற சொல். அது தனிக் குலம், நம் தற்குறியோடு உறவில்லை.)

பேத்திக்கு என்ன சொன்னேன் என்று கேட்பாய். நம்மிடமும் ஒரு நைஸ் இருக்கிறது, நல்ல என்று பேர் என்றேன். நல்ல பிள்ளை, நல்ல நாள், நல்ல தண்ணி, நல்லெண்ணெய், கடித்தால் ஆளை முடிக்கிற நல்ல பாம்பு. "நல்லா சூடா ஒரு காப்பி" என்று பாட்டி கேட்பதும், நைஸ் அண்ட் ஹாட் என்று அவர்கள் சொல்வதும் ஒன்றுதான், சூட்டைத் தூக்கிக் காட்டவே அங்கே அந்தச் சொல். நீ சுவரில் கிறுக்கினதும் "நல்லா இருக்குடி நீ பண்ற வேலை" என்று அம்மா சொல்வாளே, அதில் நல்லது ஏதாவது இருந்ததா என்றேன். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவுக்கு ஊட்டாவும் (சாப்பாடும்) சென்னாகிதே (நல்லா இருக்கு), மழையும் சென்னாகிதே, மருமகள் மட்டும் பரவாயில்லை. அதனால் நைஸ் போட்டது தப்பில்லை கண்ணு, ஆனால் இட்லி எப்படி நைஸ், மேகம் எப்படி நைஸ் என்று ஒன்றொன்றுக்கும் ஒரு வரி எழுது என்றேன். எழுதினாள். மேகம் சட்டைக்குள் புகுந்து ஜில்லென்று இருந்ததாம். டிரைவர் அங்கிள், வாந்தி எடுத்த பிள்ளைக்குத் தன் துண்டைக் கொடுத்தாராம். இட்லிதான் நசுங்கி, சட்னி ஊறி, புளித்துப்போயிருந்திருக்கிறது. அதற்கும் நைஸ் என்று போட்டிருக்கிறாள், பாட்டி மனசு நோகுமே என்று.

ஆக, பிள்ளைக்கே தெரிந்திருக்கிறது அந்த வார்த்தையை எதை மூடப் போடுவதென்று. உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தது அதற்கப்புறம்தான்.

நீ 31 வருஷம் கோர்ட்டில் இருந்து சிரஸ்தாராக ரிட்டையர் ஆனவன். 'எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா' என்று ஜட்ஜுகள் சொல்வதைக் கேட்டிருப்பாய். அது இனிமையான கேள்வி இல்லை, மயிரிழை பிசகினாலும் தீர்ப்பு புரண்டுவிடும் கேள்வி என்று எனக்குச் சொல்லித்தந்ததே நீதான். அந்த நைஸில் பதில் எழுது. ஆபரேஷன் ஆயிற்றா, ஆயிற்றென்றால் எந்தக் கண், என்ன தேதி, இப்போது பேப்பர் படிக்க முடிகிறதா? சர்க்கரை வெறும் வயிற்றில் எத்தனை, சாப்பிட்டபின் எத்தனை, மூன்று மாதக் கணக்கு எத்தனை? உன் எழுத்து கடைசிப் பக்கத்தில் வரியை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. நான் அதைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

வீட்டுக்காரி மல்லிப் பொடி அரைக் கிலோ பார்சல் அனுப்புகிறாள், நுண்ணகே அரைத்தது. கிடைத்ததும் ஒரு போஸ்ட் கார்டு போடு. விலாவாரி வேண்டாம், நம்பர்கள் போதும். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். நீ மழுப்பினால் அடுத்த போன் அவளுக்குத்தான்.

டெல்லி அப்பளக் காசும் இன்னும் வரவில்லை.

உன்
பழைய பெஞ்சுக்காரன்